காரோடு வரும் நேவிகேஷனா, கையில் இருக்கும் போனா? கேள்வி பதில்

கார்களில் ஸ்டீரியோ, கேமரா, நேவிகேஷன் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. அதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மைலேஜ், இன்ஜின் சத்தம் எல்லாம் மெக்கானிக்கிடம்.

புதுச்சாவி: அண்ணா, நான் வாங்கப்போகும் காரின் மேல் வேரியன்டில் நேவிகேஷன் சேர்ந்தே வருகிறது. கீழ் வேரியன்டில் அது இல்லை, ஆனால் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் உண்டு. மேப்புக்காக மேலே போகலாமா?

பெட்ரோல், டீசல் வண்டி என்றால் மேப்புக்காக மட்டும் போக வேண்டாம். கார்ப்ளே (ஐபோனுக்கு), ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் போன் ஆப்களைக் கார் திரையில் காட்டும் வசதிகள். அதனால் கீழ் வேரியன்டிலும் உங்கள் போன் மேப் காரின் பெரிய திரையில்தான் தெரியப்போகிறது. குரலும் கார் ஸ்பீக்கரில்தான் வரும்.

விலையை விட வயதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார் பத்து, பதினைந்து வருடம் ஓடும். அதற்குள் இருக்கும் மேப்பை அத்தனை வருடம் யார் காசில் புதுப்பிப்பது? போன் ஆப்பில் இந்தக் கேள்வியே எழாது. நீங்கள் போனை மாற்றினாலும் மேப் புதிதாகவே இருக்கும். காரில் உள்ளது பழைய ரகமானால் கார்டிலோ பென்டிரைவிலோ அப்டேட் ஏற்ற வேண்டும். புது ரகமானால் காரிலுள்ள சிம் வழியாகத் தானே வரும், ஆனால் சந்தா கட்டும் வரைக்கும்தான். சந்தா நின்றால் பெரும்பாலும் மேப் அப்படியே இருக்கும். நெரிசல் தகவலும் புதுச் சாலைகளும் வராது. ஷோரூமில் 'இலவசம் சார்' என்பார்கள். எத்தனை வருடம் இலவசம், அதன் பிறகு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. கார்ப்ளே எல்லா வண்டியிலும் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிஎம்டபிள்யூ அதற்கு வருடச் சந்தா வசூலித்துப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் 2019 டிசம்பரில் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் புது மின்சார வண்டிகளில் போன் திரையைக் காட்டும் வசதியே இருக்காது என்று 2023ல் அறிவித்தது. மாடலின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இரவுப்பயணி: போனில் டேட்டா தீர்ந்துவிட்டால் ஜிபிஎஸ் நின்றுவிடுமா?

நிற்காது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைப் போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நாலு கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். டேட்டா தேவைப்படுவது மேப் படத்துக்கும் நெரிசல் தகவலுக்கும். எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் போன் இணையத்தில் சட்டென்று வாங்கிக்கொள்ளும். டேட்டா இல்லையென்றால் அதையும் கோள் அனுப்பும் சிக்னலிலிருந்தே பொறுக்கிக்கொள்ள வேண்டும், அதனால் முதல் முறை புள்ளி வர நேரம் எடுக்கும்.

கிளம்புவதற்கு முதல் நாள் வைஃபையில் அந்தப் பகுதி முழுவதையும் இறக்கி வையுங்கள். இறக்கியதற்கும் காலாவதி உண்டு, போன வருடம் இறக்கியதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

மேகமலை: மலைப்பாதையில் டவரே கிடைக்காது. அப்படியானால் காரில் உள்ளதுதான் நல்லதா?

இரவுப்பயணிக்குச் சொன்னதுதான். இறக்கிய பகுதிக்குள் வழி தவறினாலும் போன் மாற்று வழி சொல்லும்.

மின்வண்டி: என்னுடையது மின்சார கார். இதற்கும் போன்தானா?

இங்கேதான் கட்சி மாறுகிறேன். மின்சார காரில் உள்ள நேவிகேஷனுக்குத் தெரிந்த, போனுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு விஷயம் உண்டு: பேட்டரியில் இந்த நிமிடம் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது. ஏற்றம், வெளிவெப்பம், உங்கள் ஓட்டும் வேகம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, போய்ச் சேரும்போது இத்தனை சதவீதம் மிஞ்சும் என்று சொல்லும். வழியில் கணக்கு மாறினால் சார்ஜ் போடும் இடத்தையும் மாற்றிக் கொடுக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், குளிர்ந்த பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஏற்காது. வேக சார்ஜருக்குப் போகிறீர்கள் என்று காருக்குத் தெரிந்தால், பல மாடல்கள் போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைச் சூடாக்கி வைக்கும். போனில் வழி போட்டால் காருக்கு இது தெரியாது. பேட்டரி குளிர்ந்தபடியே போய் நின்று, கூடுதல் நேரம் காத்திருப்பீர்கள். போன் மேப்தான் பிடிக்கும் என்றால் சார்ஜரைக் காரிலும் குறித்துவிட்டு, வழியைப் போனில் பாருங்கள். சில கார்களில் ஆப்பிள் மேப்ஸ் கார்ப்ளே வழியாகப் பேட்டரி அளவைப் பார்க்கும். 2020ல் வந்த போல்ஸ்டார் 2 போன்ற மின்சார கார்களில் கூகுள் மேப்ஸ் காருக்குள்ளேயே குடியிருக்கிறது, அங்கே இந்தச் சண்டையே இல்லை.

ஆனாலும் உங்களுக்கும் அதே பாட்டுதான்: எத்தனை வருடம் இலவசம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழைய ஸ்டியரிங்: தம்பி, எல்லாரையும் போனுக்கே தள்ளுகிறீர்களே. காரில் இருக்கும் ஜிபிஎஸ்ஸுக்குத் தனி சாட்டிலைட். அதனால்தான் சுரங்கப்பாதையில் கூட வேலை செய்கிறது.

நேர்கோடு: ஐயா, சாட்டிலைட் எல்லாம் ஒன்றுதான். விற்கிறவர் அவிழ்த்துவிடும் கதை அது. போனுக்கும் காருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இரண்டு பேருமே பாதி சரி. முதலில் ஐயாவுக்கு: தனி சாட்டிலைட் கிடையாது. ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது உண்மை, ஆனால் 2000 மே மாதத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். சுரங்கத்துக்குள் எந்தக் கோளின் சிக்னலும் வராது, காருக்கும் சேர்த்துத்தான்.

பிறகு எப்படி ஓடுகிறது? சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கார் எண்ணிக்கொண்டே போகிறது. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து அதைக் கூட்டிக் கணக்குப் போடுகிறது. இது ஜிபிஎஸ்ஸுக்கு முந்திய வித்தை. 1981ல் ஹோண்டா கொண்டுவந்த எலக்ட்ரோ கைரோகேட்டர் என்ற வழிகாட்டிக் கருவி செயற்கைக்கோள் எதுவும் இல்லாமல் இப்படித்தான் ஓடியது. திரைக்கு முன்னால் ஒளி ஊடுருவும் மேப் தாளைச் செருகி வைக்க வேண்டும்.

பழைய ஸ்டியரிங்: ஆக, காரில் இருப்பதுதான் உசத்தி. நான் சொன்னேனே.

நேர்கோடு: போனிலும் கைரோ, அதாவது திரும்புவதை உணரும் சென்சார், இருக்கிறது சார்.

இருக்கிறது. ஆனால் சக்கரம் சுற்றுவது போனுக்குத் தெரியாது, கடைசி வேகத்தை வைத்து ஊகிக்கிறது. சுரங்கத்துக்குள் நெரிசலில் மாட்டிப் பாருங்கள்: நீங்கள் முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், போனின் அம்புக்குறி மட்டும் ஜாலியாக ஓடி, 'வலது பக்கம் பிரியவும்' என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கும். சுரங்கத்துக்குள்ளேயே சாலை பிரிந்தால் தீர்ந்தது. வேஸ் என்ற மேப் ஆப் 2016ல் தொடங்கிய புளூடூத் பீக்கன்கள் (போனுக்கு இடம் சொல்லச் சிக்னல் அனுப்பும் சிறு கருவிகள்) சில சுரங்கங்களில் இருக்கின்றன, அங்கே போனும் தடுமாறாது.

நேர்கோடு: வருடத்தில் எத்தனை முறை சுரங்கத்துக்குள் போகப்போகிறோம்? அதற்கா இத்தனை காசு?

நியாயமான கேள்வி. ஆனால் சுரங்கம் மட்டும் இல்லை. காரின் ஆன்டெனா பெரும்பாலும் கூரையில் இருக்கிறது. போன் கண்ணாடிக்கு உள்ளே. வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருந்தால் சிக்னல் அங்கேயே குறைந்துவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும், புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். சில கார்களில் போனை இணைத்ததும் காரின் ஆன்டெனாவையும் வேகத்தையும் போன் மேப்பே வாங்கிக்கொள்ளும். ஆகவே கீழ் வேரியன்ட் வாங்குகிறவர் எல்லாவற்றையும் இழப்பதில்லை. மேம்பாலமா, அதன் கீழே உள்ள சர்வீஸ் ரோடா என்ற குழப்பத்தில் இரண்டுமே கோட்டை விடும்.

சுரங்கச் சண்டையை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெயிலான்: போன் சூடாகித் திரை மங்கிவிடுகிறது.

டாஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். ஏசி காற்று வரும் இடத்தில் ஹோல்டர் மாட்டுங்கள், வயர்லெஸ் சார்ஜிங்கை விட்டுவிட்டுக் கேபிள் போடுங்கள். ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. கண்ணாடியடியில் வெயில் அதை எளிதாகத் தாண்டும்.

இரு சக்கரம்: பைக் ஹேண்டில்பாரில் போன் மாட்டலாமா?

பைக் என் துறை இல்லை, பைக் அக்சஸரி கடைக்காரரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் 2021லேயே எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ஹோல்டராகக் கேட்டு வாங்குங்கள்.

சிவப்பு விளக்கு: நெரிசல் தகவலில் எது நம்பகமானது?

எதில் ஆட்கள் அதிகமோ அது. அதனால் பெரும்பாலும் போன் ஆப். அதையும் ஏமாற்றலாம்: 2020ல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 போன்களைச் சிறு தள்ளுவண்டியில் போட்டு இழுத்துப் போனார், காலித் தெரு கூகுள் மேப்பில் சிவப்பாக மாறியது.

அன்பு: எந்த ஆப் பெஸ்ட்?

உங்கள் ஊரில் அதிகம் பேர் வைத்திருப்பது.

புதுமாப்பிள்ளை: டாப் மாடலில் நேவிகேஷன் வருகிறதாம், எடுக்கலாமா?

முதல் கேள்வியே அதுதான் சார். தயவுசெய்து மேலே படியுங்கள்.

கருப்பு செடான்: என் பழைய காரின் மேப்புக்குக் காசு கட்டி அப்டேட் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் கார் காட்டும் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் தேதிக்காக வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். கடைசியாக 2019 ஏப்ரலில் வந்தது. பழைய கருவிகள் சில அங்கே தடுமாறின. 2022 தொடக்கத்தில் பழைய ஹோண்டா வண்டிகள் சிலவற்றின் கடிகாரம் 2002க்குப் போய் நின்றது. தேதி தப்பாக இருந்தால் மேப் அப்டேட் அதைச் சரிசெய்யாது. சிம் 3ஜியா என்றும் கேளுங்கள். பல நாடுகளில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள், நெரிசல் தகவலுக்குக் கட்டும் காசு வீண். அந்தப் பணத்தில் கார்ப்ளே உள்ள ஸ்டீரியோ போடலாம்.

மாறுதலாகி: காரை விற்கிறேன், மேப்பில் ஏதாவது செய்யணுமா?

கண்டிப்பாக. வீட்டு முகவரி, போன இடங்கள், போனிலிருந்து ஏறிய தொடர்பு எண்கள் எல்லாம் உள்ளே இருக்கும். செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். அப்புறம் உங்கள் போனில் உள்ள கார் கம்பெனி ஆப்பில் இருந்தும் வண்டியை நீக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள், கார் கைமாறினாலும் உங்கள் கார்டில்தான் பிடிப்பார்கள்.