3 மாதக் குழந்தை விசிலுக்குத் திடுக்கிடுகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை: காது கேட்கிறதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 3 மாதத்தில் திரும்பாதது குறையே இல்லை. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புவது 4 முதல் 6 மாதத்தில்தான் கைகூடும். இப்போது பார்க்க வேண்டியது: உங்கள் குரல் கேட்டதும் அழுகை நிற்கிறதா, பால் சப்புவது ஒரு கணம் தடைபடுகிறதா, கண் விரிகிறதா.

ஆனால் குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுவதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கேட்கும் திறனில் மிதமான குறைபாடு உள்ள குழந்தையும் பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடும். மெல்லிய பேச்சுதான் விட்டுப்போகும்.

6 மாதத்தில் வீட்டிலேயே பார்க்கலாம். டிவி, ஃபேனை நிறுத்துங்கள். ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் பக்கவாட்டில், கண்ணுக்குப் படாமல், ஒரு முழத் தூரத்தில் மெதுவாக ‘ஸ்ஸ்’ என்று ஒலியுங்கள். சில நொடி பொறுங்கள், குழந்தைகள் தாமதமாகவே திரும்புவார்கள். கை தட்டாதீர்கள், காற்று முகத்தில் பட்டோ நிழல் ஆடியோ திரும்பினால் ஏமாந்துபோவீர்கள்.

இது ஓ.ஏ.ஈ. சோதனைக்கு (காதுக்குள் மெல்லிய ஒலி அனுப்பி உட்காதின் பதிலைப் பார்ப்பது) மாற்று அல்ல. பிறந்தபோது செய்யவில்லையென்றால் இப்போதே செய்யுங்கள். காதுக்குள் நீரோ அழுக்கோ இருந்தாலும் ‘ரெஃபர்’ (மேலும் சோதிக்க வேண்டும்) என்று வரும். பதறாமல் மறுபடி எடுத்து, அப்போதும் அப்படியே வந்தால் பெரா சோதனை (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளப்பது). குறை இருந்தால் 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

நெம்மாற வேலைத் திருவிழாவுக்குக் குழந்தையைக் கொண்டுபோகலாமா? செண்டை மேளத்தைத் தள்ளி நின்று கேட்கலாம். வெடிக்கெட்டுக்கு (வாணவேடிக்கை) வேண்டவே வேண்டாம். குழந்தையின் காதுக்குழாய் சிறியது, கீச்சென்ற சத்தம் அதில் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே ஏறும். பஞ்சு வைத்தால் போதாது.