ஒருவர்கூட வசிக்காத ஊருக்கு இரண்டு எம்.பி.க்கள்

கேள்வி: மிகக் குறைந்த மக்கள்தொகையை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் எது? அதன் பூர்வகதை என்ன?

என்னைக் கேட்டால் இங்கிலாந்தின் ஓல்ட் சேரம்தான். வில்ட்ஷயர் பகுதியில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேடு. கடைசிக் காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள் ஒருவரும் இல்லை, எம்.பி.க்கள் இரண்டு பேர்.

ஆதியில் அது பெரிய இடம். கி.மு. 400 வாக்கிலேயே மேட்டைச் சுற்றி அகழி வெட்டி மண்கரை எழுப்பியிருக்கிறார்கள். ரோமானியர் போட்ட சாலைகள் இங்கே வந்து கூடின. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த மன்னர் வில்லியம் மேட்டின் நடுவே கோட்டை கட்டினார். 1086-ல் நாட்டின் பெரிய நிலக்கிழார்களை இங்கே வரவழைத்துத்தான் விசுவாசப் பிரமாணம் வாங்கினார். 1092-ல் ஒரு பேராலயமும் எழுந்தது. அர்ச்சித்த சில நாளிலேயே புயல் அடித்துக் கூரை சேதமானது தனிக்கதை.

ஒரே மதிலுக்குள் குருமாரும் படைவீரர்களும் இருந்ததுதான் வம்பாகிவிட்டது. வாசல் சாவி கோட்டைக்காரர்கள் கையில். மேட்டில் தண்ணீர் கிடையாது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காற்று அடிக்கிற சத்தத்தில் வழிபாட்டில் பாடுவதே காதில் விழவில்லை என்று போப்பாண்டவர் வரைக்கும் புகார் போனது. அனுமதி கிடைத்து, 1220-ல் கீழே ஆற்றோரச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அதுதான் இன்றைய சாலிஸ்பரி. கோயில் போன பின்னாலேயே கடையும் சந்தையும் சனமும் இறங்கிப்போயின. பழைய பேராலயத்தின் கற்களைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்று புல்வெளியில் அதன் அஸ்திவாரக் கோடு மட்டும் தெரிகிறது.

ஊர் காலியானாலும் இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமையை யாரும் ரத்து செய்யவில்லை. ஓட்டு ஆளுக்கு இல்லை, பழைய மனைக்கட்டுகளுக்கு. அந்த மனைகளை வைத்திருப்பவர்தான் வாக்காளர். எல்லா மனையும் ஒரே முதலாளி கையில் என்றால் என்ன செய்வது? தேர்தல் சமயத்தில் நம்பிக்கையான நாலைந்து பேர் பெயருக்கு மாற்றிக்கொடுப்பார். நம்ம ஊர் பாஷையில் பினாமி. கட்டடமே இல்லாததால் வாக்கெடுப்பு நடந்தது ஒரு வயலில், எல்ம் மரத்தடியில். அதே சமயம் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த மான்செஸ்டருக்கு 1832 வரை தனி உறுப்பினர் கிடையாது!

அந்த முதலாளி யார் என்பதில்தான் எனக்கு சுவாரசியம். 1691-ல் இதை வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த அதே பிட்தான். இங்கே 48,000 பகோடாவுக்கு (அந்தக் காலத் தங்க நாணயம்) வாங்கிய பெரிய வைரத்தை 1717-ல் பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு விற்றவர். வைரக் காசில்தான் தொகுதியை வாங்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆண்டைப் பார்த்தாலே தெரியும், தொகுதி முன்னால், வைரம் பின்னால். முதல் பணம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வங்காளத்தில் செய்த வியாபாரத்தில் வந்தது.

அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-ல், 26 வயதில், இந்தத் தொகுதி வழியாகவே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து பிற்பாடு பிரதமர் ஆனார். இதுபோன்ற தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பகுதி என்று 1766-ல் சொன்னவரும் அவரே. ஏறி வந்த ஏணியை நன்றாகவே உதைத்தார்!

1802-ல் பிட் குடும்பம் இதை 60,000 பவுண்டுக்கு விற்றது. நிலத்திலிருந்து வருமானம் என்று பார்த்தால் ஆண்டுக்கு 700 பவுண்டைத் தாண்டாது. மிச்ச விலை முழுக்க அந்த இரண்டு நாற்காலிக்கு. வாங்கியவர் காலிடன் பிரபு டு ப்ரே அலெக்சாண்டர். அவருடைய அப்பாவும் கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவில் சம்பாதித்தவர். அத்தை கணவர் ஜோசயாஸ் டு ப்ரே 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னர். 1832 சீர்திருத்தச் சட்டம் தொகுதியை ஒழித்தபோது காலிடன் பிரபுவுக்கு அந்த 60,000-க்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. பட்டியலில் அப்போது மிஞ்சியிருந்த வாக்காளர்கள் 11 பேர், ஒருவருக்கும் வீடு அங்கே இல்லை.