மால்ட் அலசும் வளையத்தில் குறையா, வால்வில் குறையா?

வீட்டில் பீர் காய்ச்சும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பிவிசி குழாய்த் துண்டுகளை வளையமாக இணைத்துத் துளையிட்டு, ஊறிய மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சர்க்கரையை அலசி எடுக்க அதன் மேல் வெந்நீர் தெளிக்கிறேன். நீர் விழும் இடமெல்லாம் குழியாகிறது. வடிநீரில் இனிப்பும் குறைவு. சுழலும் தெளிப்பான் இல்லாமல் சரிவராது என்கிறார் விற்பவர். வாங்க வேண்டுமா?”

வேண்டாம். பழியை வளையத்தின் மேல் போட்டால்தான் அவருக்கு ஒரு தெளிப்பான் விற்கும். தானியப் படுகைக்கு மேல் எப்போதும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், மேலிருந்து வருவது அந்த நீரில்தான் விழும். அது எந்தக் கருவியின் வழியாக வந்தது என்பது அதன் பிறகு மால்ட்டுக்குத் தெரியப்போவதில்லை. இனிப்பு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் பாத்திரத்தின் அடியில் வடிநீரை வெளியே விடும் வால்வு. அதை அகலத் திறந்தால் நீர் தனக்கு எளிதான ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். ஓரத்துத் தானியம் அலசப்படாமலே கிடக்கும். 25 லிட்டர் வடிய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகுமாறு வால்வை ஒடுக்கி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. சாதாரணப் பிவிசி குழாய் சுமார் 60 பாகை செல்சியஸ் வரைக்குமானது. நீங்கள் ஊற்றும் நீரோ 75 பாகையை ஒட்டியிருக்கும். ‘உணவுத் தரம்’ என்ற முத்திரையைக் காட்டி இத்தகைய குழாய்களை விற்கிறார்கள். உணவைத் தொடலாம் என்பது வேறு, இவ்வளவு சூடான உணவைத் தொடலாம் என்பது வேறு. அந்த முத்திரைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், வெப்ப வரம்பையும் அச்சிட வைப்பதில் யாருக்கு என்ன சிரமம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சிபிவிசி என்ற வெந்நீர்க் குழாய் சுமார் 93 பாகை வரை தாங்கும். ஆனால் அந்தப் பெயர் குழாயின் உடம்பிலேயே அச்சாகியிருக்க வேண்டும், உறையிலோ விற்பவர் வாயிலோ இருந்தால் போதாது. குடிநீருக்கு உரியது என்ற குறியும் உடன் இருக்க வேண்டும். இணைப்புகளுக்குப் பிவிசி பசையைத் தடவினால் நல்ல குழாய் வாங்கியதே வீண். பசையே இல்லாமல் இறுக்கிச் செருகினால் இன்னும் நல்லது, ஏனெனில் இங்கே நீரழுத்தம் மிகக் குறைவு. ஒரு மூட்டு சற்றுக் கசிந்தாலும் அந்த நீர் மால்ட்டின் மேல்தான் விழும்.

செம்புக் குழாயும் ஏற்றது, ஈயம் கலந்த பற்றுவைப்பு மட்டும் கூடாது. மொத்த நீரையும் ஒரே தடவையில் ஊற்றிக் கலக்கி வடிப்பவருக்கு வளையமே தேவையில்லை.

அலசும் நீர் 77 பாகையைத் தாண்ட வேண்டாம். ஆறவைத்த வடிநீரில் அடர்த்திமானி (வெறும் நீரில் 1.000 காட்டுவது) 1.010 காட்டியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வருவதில் சர்க்கரையை விட உமியின் துவர்ப்பே அதிகம். அடுத்த முறை முதலில் வால்வை மட்டும் ஒடுக்கிப் பாருங்கள். அப்போதும் இனிப்பு ஏறவில்லையென்றால், மால்ட் சரியாக உடைபட்டிருக்கிறதா என்று கையில் அள்ளிப் பாருங்கள்.