மலையடிச் சரளை நிலம்: காட்டில் மரம் தழைக்கிறது, வயலில் கடலை வாடுகிறது, ஏன்?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டி 2 ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. அள்ளிப் பார்த்தால் பாதி சரளைக்கல். மழை விட்ட நாலைந்து நாளிலேயே கடலைச் செடி வாடிவிடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே கல் மண்ணில் மரங்கள் தழைத்து நிற்கின்றன. பனிப்பாறை நகர்ந்த மலைச்சரிவுகளில் காட்டு மண் இப்படித்தான் சரளையாக இருக்கும், சுண்ணாம்பு போட்டால் திருந்தும் என்று வெளிநாட்டு வீடியோ ஒன்றில் சொன்னார்கள். நானும் போடலாமா? கல்லை எல்லாம் பொறுக்கிவிட்டு மா வைக்கலாமா ஐயா?

பதில்: சுண்ணாம்பு வாங்க வேண்டாம், ஐயா. கல்லையும் முழுக்கப் பொறுக்க வேண்டாம்.

வீடியோவில் சொன்னது அந்த ஊர் மண்ணுக்குச் சரி. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளிலும் பனிப்பாறைகள் நகரும்போது கல், மணல், களி எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து சரிவுகளில் விட்டுப்போயின. பனியுகம் முடிந்து சுமார் 11,700 ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால் அது இளம் மண். கற்கள் முனை மழுங்கி, சிறிதும் பெரிதும் தாறுமாறாகக் கலந்திருக்கும். பல இடங்களில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே, பனியின் எடையில் அழுந்திய கெட்டி அடுக்கு உண்டு. பனி உருகும் பருவத்தில் அதன் மேல் நீர் தேங்கும். குளிரும் ஈரமும் ஊசியிலை மரச் சருகும் சேர்ந்து மண்ணைப் புளிக்க வைக்கின்றன. அந்த அமிலத்தன்மையைக் குறைக்கத்தான் அங்கே சுண்ணாம்பு.

உங்கள் நிலத்துக் கல் பனிப்பாறை தூக்கி வந்ததல்ல. ஜவ்வாது மலையின் சார்னோகைட், நைஸ் பாறைகள் நின்ற இடத்திலேயே சிதைந்து, ஒரு பகுதி களியாகவும் செம்மண்ணாகவும் மாறியது; சிதையாத படிகக்கல் கூர்முனையோடு சரளையாக மிஞ்சியது. மேலிருந்து சரிந்து வந்ததும் கொஞ்சம் இருக்கும். அடியில் இருப்பது மக்கிய பாறை. இந்த மண் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும். இதில் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போய், இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். மண் பரிசோதனையில் அமில கார நிலை 5.5-க்குக் கீழே வந்தால் மட்டும் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்கலாம். கடலைக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) வேண்டுமென்றால் ஜிப்சம் போதும்: ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40-45ஆம் நாள், மண் அணைக்கும்போது. அது மண்ணின் கார நிலையை உயர்த்தாது.

செடி வாடுவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. கல் நீரையும் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். ஒரு அடி ஆழத்துக்கு மண் எடுத்து, உலர்த்தி, கட்டியை உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து இரண்டு பங்கையும் எடை போடுங்கள். எடையில் சரிபாதி கல் என்றால், கல் அடர்த்தி கூடியது என்பதால் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். கல்லில்லாத மணற்பாங்கான மண் ஒரு அடியில் செடிக்குத் தோராயமாக 30 மி.மீ. நீர் வைத்திருக்கும். உங்களுடையது 20 மி.மீ. வைக்கும். வெயில் நாளில் பயிர் 5 மி.மீ. குடித்தால் நாலு நாளில் தீர்ந்தது. பாதி தீர்ந்த இரண்டாம் நாளே செடி திணறத் தொடங்கும். வேலூரில் ஆண்டுக்கு 900 மி.மீ.க்கு மேல் மழை பெய்தும், மழைக்கு மழை இடைவெளி விழும்போது இந்த நிலம்தான் முதலில் காய்கிறது.

உரத்துக்கும் இதே கணக்குதான். பரிசோதனைக் கூடத்தில் கல்லைச் சலித்து எறிந்துவிட்டு மிச்ச மண்ணைத்தான் சோதிப்பார்கள். அறிக்கையில் சத்து ‘நடுத்தரம்’ என்று வந்தாலும், உங்கள் ஏக்கரில் அந்த மண் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோகும்போது கல் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். யூரியாவை ஒரே தடவையில் போட்டால் ஒரு மழையில் வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிவிடும். மூன்று நாலு தவணையாகப் பிரியுங்கள்.

காட்டு மரம் வேறு விதமாகப் பிழைக்கிறது. அதன் வேர் மக்கிய பாறையின் வெடிப்புகளில் இறங்கி ஆழத்து ஈரத்தை எடுக்கிறது. விழுந்த சருகு அங்கேயே மக்கி மேல் மூன்று நாலு அங்குல மண்ணில் சேர்கிறது. அறுவடை என்று எதுவும் வெளியே போவதில்லை. காட்டின் வளமெல்லாம் அந்த மெல்லிய மேல்மண்தான். உங்கள் பக்கம் சரிவின் போக்கிலேயே டிராக்டர் ஓட்டி, சில மழையில் அது போயிருக்கும். காட்டுச் சருகை அள்ளி வந்து ஈடுகட்ட நினைக்காதீர்கள்: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம், காட்டுக்கும் கேடு.

முதல் வேலை சரிவை உடைப்பது. ஒவ்வொரு 1 மீட்டர் இறக்கத்துக்கும் சம உயரத்தில் ஒரு வரப்பு. வரப்புக்கு மேல்புறம் 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 10-15 அடி நீளத்தில் விட்டுவிட்டு அகழி. எடுத்த மண் கீழ்ப்புறம். கைப்பிடிக்கு மேல் பெரிய கல்லை மட்டும் பொறுக்கி வரப்பின் அடியில் அடுக்குங்கள். சிறு சரளை மேலேயே கிடக்கட்டும். மழைத்துளி மண்ணை அடித்துப் பெயர்க்காமல் தடுப்பதும், வெயிலில் ஈரம் ஆவியாகாமல் காப்பதும் அதுதான். வரப்பில் கொழுக்கட்டைப் புல் அல்லது வெட்டிவேர், ஓரத்தில் கிளைரிசிடியா. இனி உழவு சரிவுக்குக் குறுக்கேதான்.

கடலையை இந்த நிலத்தில் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும் விழுது இறங்கினாலும், மண் காய்ந்தபின் பிடுங்கும்போது பாதிக் காய் மண்ணிலேயே அறுந்து நிற்கும். ஆடியில் சாமை, புரட்டாசிக்குப் பின் ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு. மண்ணுக்கு உரமாக ஒரு பருவம் கொழிஞ்சி, ஏக்கருக்கு 6-8 கிலோ. விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு தேய்த்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

மா வைக்கலாம், ஆனால் குழியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். 1 மீட்டர் நீள, அகல, ஆழம். தோண்டியதும் நீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு நாள் கழிந்தும் நின்றால் அடியில் உடையாத பாறை. அங்கே நல்ல மண் போட்டு நட்டால் ஐப்பசி மழையில் குழி தொட்டியாகி வேர் அழுகும். இடத்தை மாற்றுங்கள், அல்லது கீழ்ப்புறம் வடிகால் வெட்டுங்கள். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, கன்றின் கீழ்ப்புறம் பிறை வடிவ வரப்பு போடுங்கள். மா வேண்டாமென்றால் சீத்தா, நெல்லி, புளி மூன்றும் இந்த மண்ணில் தாங்கும்.

ஏரி வண்டல் கிடைத்தால் இந்த நிலத்துக்கு அதைவிட நல்லது இல்லை. கல் போக மிஞ்சும் நுண்மண்ணின் குறைவை நேரடியாக நிரப்பும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரி வண்டலாக இருந்தால் உப்பும் குரோமியமும் சோதிக்காமல் ஒரு வண்டிகூட இறக்காதீர்கள்.

சொட்டுநீர் போட்டால் ஒரு சொட்டுவானை நம்ப வேண்டாம். சரளையில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே இறங்கும். கன்றைச் சுற்றி நாலு இடத்தில் சொட்டவிட்டு, ஒரே நாளில் 40 லிட்டர் கொடுப்பதை நாலு தவணையாக, ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டராகக் கொடுங்கள். கன்றடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டிலிருந்து அரை அடி தள்ளி.