நாட்டு அத்திக்குள் பூச்சி: மருந்து அடிக்கலாமா?

மருந்து அடிக்காதீர்கள். பழத்தைப் பிட்டதும் பறந்ததாக நீங்கள் எழுதிய கறுப்புக் குட்டிப்பூச்சி பெரும்பாலும் அத்திக் குளவி. நாட்டு அத்தியில் மகரந்தம் சேர்ப்பதே அதுதான். அதைக் கொன்றால் அடுத்த காய்ப்பில் பிஞ்சுகள் கொட்டும்.

அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன. காம்புக்கு எதிர்முனையில் உள்ள துளை வழியாகப் பெண் குளவி நெருக்கிக்கொண்டு நுழையும். இறக்கை முறிந்து வாசலிலேயே ஒட்டியிருக்கும். சில பூக்களில் முட்டையிட்டு, மற்றவற்றில் மகரந்தம் சேர்த்து, உள்ளேயே சாகும். அடுத்த தலைமுறையில் ஆணுக்கு இறக்கை கிடையாது. பெண்ணோடு கூடிய பின் காயின் சுவரைக் குடைந்து வழி போட்டுக்கொடுக்கும். மகரந்தம் சுமந்த பெண்கள் அதன் வழியே வெளியேறுவார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சோதித்துப் பார்க்க, சிவக்காத முற்றிய காய் ஒன்றை நெடுக்காகக் கீறி லென்ஸில் பாருங்கள். மிளகைவிடச் சிறிய உருண்டைகளும் இறக்கையில்லாத மஞ்சள் பூச்சிகளும் தெரிந்தால் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் நெளியும் புழு, எச்சம், அழுகிய சதை இருந்தால் அது வேறு பூச்சி. அந்தப் பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். கடையில் விற்கும் புனே சீமை அத்திக்கு இது எதுவும் பொருந்தாது, அது குளவியில்லாமலே காய்க்கும்.