நம்பிக்கை வரும்வரை என்ன செய்வது? (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

பினாங்கு, புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து எழுதுகிறேன். வயது 28. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மூன்று மாதங்களுக்கு முன் என் உயிரை நானே மாய்த்துக்கொள்ளப் பார்த்தேன். தங்கச்சி பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். காரணம் ஒன்று என்று சொல்ல முடியாது. பேங்க் கடன், கிரெடிட் கார்டு, தூக்கமில்லாமை, ஒரு பெண், எல்லாம்தான்.

உறவுக்காரர்களிடம் எனக்கு டெங்கி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மா என் அறை வாசலில் பாய் விரித்துப் படுக்கிறார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நிற்கிறார். அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். பெரியம்மா, "வெளியே தெரிஞ்சா போலீஸ் கேஸு" என்கிறார். வார்டில் ஒரு மிஸி (நர்ஸ்), "உங்க அம்மா முகத்தை நெனச்சுப் பார்த்தியா" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் நான் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் "நம்பிக்கையோடு இருப்பா" என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, அக்கா. சாக வேண்டும் என்றும் இல்லை, வாழ வேண்டும் என்றும் இல்லை. சில ராத்திரி அந்த எண்ணம் திரும்ப வருகிறது. அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும், நைட் ஷிப்ட். நம்பிக்கை எங்கிருந்து வரும்? வராமலே போய்விட்டால்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

படிக்கிறவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் வந்த அன்று மாலையே இவருக்குத் தனியாக எழுதி நேராகக் கேட்டேன்: இப்போதும் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று. எண்ணம் வருகிறது, திட்டம் எதுவும் இல்லை, டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன் என்று பதில் வந்தது. அவர் சம்மதத்தோடு, சில விவரங்களை மாற்றித்தான் இதை இங்கே போடுகிறேன். இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் பார்த்தவரை அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

தம்பி, நம்பிக்கை வரவில்லை என்கிறீர்கள். சரி, வரவில்லை. மூன்று மாதத்தில் வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகமாக இருந்திருக்கும். காலையில் வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படத்தோடு வருகிற வாசகங்களும், மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிற தன்முனைப்புப் பேச்சாளர்களும் நம்மை ஒன்று நம்ப வைத்திருக்கிறார்கள். முதலில் நம்பிக்கை வர வேண்டும், அப்புறம்தான் எழுந்து நடக்க முடியும் என்று. நான் பார்த்த மனிதர்களிடம் அது பின்னால்தான் வந்தது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். அதுவரை அவர்களைப் பிடித்து வைத்திருந்தது வேறு.

அந்த வேறு என்ன என்பதை ஓர் ஆய்வு ஓரளவு அளந்தே காட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் நடத்தியது. அதில் இரண்டு நமக்கு நெருக்கமான ஊர்கள்: சென்னை, கொழும்பு. மற்றவை பிரேசில், ஈரான், சீனாவில். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. அப்புறம் ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை யாராவது போன் செய்தார்கள், இல்லையென்றால் நேரில் போய்ப் பார்த்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடக்கத்தில் நெருக்கமாக, போகப்போக இடைவெளி விட்டு. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது தேவையா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். 2008இல் முடிவு வெளிவந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பாதியில் 100க்கு 2.2 பேர். தொடர்பில் வைத்திருந்த பாதியில் 0.2. சென்னைப் பகுதியில் முன்னின்றவர் லட்சுமி விஜயகுமார். 1986இல் 'சினேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் அவர்.

அந்த ஒன்பது அழைப்புகளை எடுத்தவர்களுக்கெல்லாம் நம்பிக்கை பொங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பலர் "ம்", "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வைத்திருப்பார்கள். ஆனால் யாரோ ஒருவர் அடுத்து எப்போது கேட்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கே தெரிந்த ஒரு தோழி இருக்கிறாள், செந்தூலில் பிளாட்டில். உங்களைப் போலத்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். செவ்வாய்க்கிழமை இரவு அவளுக்கு போன் செய்வேன். அறிவுரை எதுவும் கிடையாது. சௌகிட் மார்க்கெட்டில் வெண்டைக்காய் விலை, அவள் பிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போனது, மேல்வீட்டுக்காரர் ராத்திரியில் கட்டில் நகர்த்துகிற சத்தம். சில வாரம் அவள் பேசவே மாட்டாள். டிவி சத்தம் மட்டும் கேட்கும், நானும் என் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருப்பேன். ரொம்ப நாள் கழித்து அவளிடம் கேட்டதற்கு, "நீ பேசினது ஒன்னும் ஞாபகம் இல்லடி, செவ்வாய்க்கிழமை போன் வரும், எடுக்கணும்னு மட்டும் இருந்துச்சு" என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவ்வளவு பேசியிருக்கிறேன்!

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம்பிக்கையைத் தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, உங்களைக் கேட்கிற ஆள்களை ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பேர் போதும். "வாரத்தில் இந்த நாள் எனக்கு போன் பண்ணு, நான் எடுக்காவிட்டால் திரும்பப் பண்ணு" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூச்சமாக இருக்கும். நம் ஆள்கள் உதவிக்குத் தயாராகத்தான் இருக்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியாமல்தான் மைலோ டின்னோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் செய்வார்கள்.

எண்ணம் திரும்ப வருமா என்ற பயத்துக்கு வருகிறேன். வரலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில மாதங்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அந்த எண்ணத்தின் உச்சக்கட்டம் வயிற்று வலி போல ஏறி இறங்கக்கூடியது. இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு தாள் வேண்டும். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய முறை. உங்கள் டாக்டரிடம் "சேஃப்டி பிளான்" என்று கேட்டால் தெரியும், கூட உட்கார்ந்து எழுதித் தருவார்கள். எண்ணம் கிளம்பும் முன் உங்களுக்கு என்ன ஆகும் (தூக்கம் போகும், போனை ஆஃப் செய்வீர்கள், அது உங்களுக்குத்தான் தெரியும்), அப்போது தனியாக என்ன செய்யலாம், எந்த இடத்துக்குப் போய் ஆள்களோடு இருக்கலாம், யாரை அழைக்கலாம், எந்த மருத்துவரை, எந்த எண்ணை. கடைசியாக, ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் வைப்பது. இதைத் தெளிவாக இருக்கிற பகலில் எழுதி வைக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் மூளை வேலை செய்யாது. ராத்திரியில் போக ஓர் இடம் வேண்டும் என்றால், 24 மணி நேர மாமாக் உணவுக்கடையில் ஒரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருப்பதும் அந்தத் தாளில் வரலாம். சிரிக்காதீர்கள், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடம் அது.

அந்த வகையில் பார்த்தால் அம்மாவின் பாயும் அப்பா கழற்றிய தாழ்ப்பாளும் கிட்டத்தட்ட அந்தத் தாளின் வேலையைத்தான் செய்கின்றன. அப்பாவுக்குப் பேசத் தெரியவில்லை, ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்திருக்கிறது. ஆனால் வாயைத் திறந்து காட்டுவது எத்தனை நாளைக்கு? அடுத்த முறை கிளினிக் போகும்போது அம்மாவையும் உள்ளே கூட்டிப்போங்கள். எதைக் குறைக்கலாம், எதைத் தொடர வேண்டும் என்று டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளில்தான் மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போலீஸ் விஷயம். பெரியம்மா சொல்வது பழைய கதை. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது, முயன்றவருக்கு ஒரு வருடம் வரை சிறை என்று. எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2023இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. நீங்கள் குற்றவாளி இல்லை. பெரியம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

வார்டில் திட்டிய மிஸியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தவறு அவருடையது. அந்த ஒரு குரலுக்காக இனி அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டேன் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சின்ன வயதில் நம்மைத் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று அங்கிருக்கும் மனநோய் ஆஸ்பத்திரியைச் சொல்லி மிரட்டினார்களே, அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. இன்று மனநலச் சிகிச்சை பெரிய பொது மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. சுகாதார அமைச்சின் மெந்தாரி மனநல நிலையங்கள் ஊருக்குள் சாதாரணக் கிளினிக் போல இருக்கின்றன. நோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்ப உதவுவதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

பால்குடம் எடுக்க உங்களுக்கு மனமிருந்தால் எடுங்கள். தண்ணீர்மலையில் அத்தனை கூட்டத்தோடு படியேறுவது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் விரதத்துக்காக மாத்திரையை விடக் கூடாது, டாக்டரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மனமில்லை என்றால் அம்மாவே எடுக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நைட் ஷிப்ட் எனக்குப் பிடிக்கவில்லை. தூக்கமில்லாமையும் ஒரு காரணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச காலத்துக்குப் பகல் ஷிப்ட் மட்டும் என்று டாக்டரிடம் கடிதம் கேட்டு எச்.ஆரில் கொடுங்கள். சக தொழிலாளர்கள் கேட்டால் "உடம்பு சரியில்லை, ட்ரீட்மென்ட்ல இருக்கேன்" என்பதே போதும். அது பொய்யும் இல்லை. ஓவர்டைம் பணம் குறையும், தெரியும். கடனுக்கு ஏ.கே.பி.கே. இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம், காசு வாங்குவதில்லை. எல்லா ஸ்டேட்மென்ட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பேங்கோடு பேசித் தவணையைக் குறைக்க வழி சொல்வார்கள். கடனை ராத்திரியில் தனியாக நினைப்பது ஒன்று, பகலில் ஒரு மேசையின் எதிரே ஒருவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது வேறு.

எண்களையும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மனம்விட்டுப் பேச, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் தொண்டு அமைப்பு 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும். தமிழ் பேசும் தொண்டூழியர்களும் உண்டு, நீங்கள் அழைக்கிற நேரத்தில் அவர்கள்தான் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. மலாயிலாவது பேசுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555. எண்ணம் திட்டமாக மாறினால் எந்த எண்ணையும் யோசிக்க வேண்டாம், அம்மாவை எழுப்புங்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 999.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மா, அப்பா, பெரியம்மா, மிஸி எல்லாருக்கும் இடம் இருக்கிறது. தங்கச்சிக்கு இரண்டே சொற்கள். உங்களை முதலில் பார்த்தவள் அவள். வீட்டில் எல்லாருடைய கண்ணும் உங்கள்மேல் இருக்கிறது, அவளை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், டாக்டரிடம் அவளைப் பற்றியும் சொல்லுங்கள். மேலே சொன்ன எண்கள் அவளுக்கும்தான். வாரம் ஒருமுறை உங்களைக் கேட்க இரண்டு பேர் வேண்டும் என்றேனே, அவளை அதில் சேர்க்காதீர்கள், இப்போதைக்கு அது அவளுக்குச் சுமை. அதற்கு வெளியில் ஆள் பிடியுங்கள். இவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய் சாப்பிடக் கூட்டிப்போய், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்ல விரும்பினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். அடுத்த கிளினிக் தேதி எப்போது, முதல் ஆள் யார் என்பதையும் எழுதுங்கள், நான் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா