சேற்றில் இறங்கினால்தான் நண்டு: கடல் சூழலியலாளரிடம் சில கேள்விகள்

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்து, பிச்சாவரம் முதல் பாக் விரிகுடா வரை நண்டு, இறால் வகைகளை ஆராய்ந்துவருபவர், வாசகர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.

மேடம், திமிங்கலம், ஆமை எல்லாம் இருக்க நண்டைப் பிடித்தது ஏன்?

திமிங்கலத்தைப் பார்க்கக் கப்பல் வேண்டும். நண்டுக்கு நீர் வற்றும் நேரம் தெரிந்தால் போதும். நாங்கள் படித்த இடமே வெள்ளாற்றங்கரை. வற்றம் வந்தால் சேற்றில் இறங்கிவிடலாம். அலையாத்திக் காட்டில் உதிரும் இலையைத் தின்று, வளை தோண்டி, மண்ணுக்குள் காற்றுப் போக வழிசெய்வது நண்டுதான். அது இல்லாத காட்டைப் பற்றி எழுதி என்ன பயன்?

அமாவாசை நண்டு சதை, பௌர்ணமி நண்டு சொத்தைன்னு எங்க ஊர்ல சொல்றாங்க. நிஜமா?

சொத்தைக்குக் காரணம் ஓடு கழற்றுவது. நண்டு நம்மைப்போல நாளுக்கு நாள் வளராது. பழைய ஓட்டுக்குள்ளேயே மெத்தென்ற புது ஓட்டைத் தயார்செய்து, பின்பக்கம் பிளந்து, பின்வாக்கில் வெளியே வரும். கண்காம்பின் தோல், இரைப்பைக்குள் இருக்கும் பற்கள் வரை பழசோடு போய்விடும். வந்த கையோடு தண்ணீரை இழுத்து உடம்பை உப்பவைக்கும். அந்த அளவிலேயே ஓடு இறுகும். வெளியே பெரிய நண்டு, உள்ளே பாதி தண்ணீர். சதை பிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

நிலவுக்கும் ஓதத்துக்கும் ஏற்ப ஓடு கழற்றும் இனங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாள், ஒரே வலையில் இரண்டு மாதிரியும் ஏறுகிறதே! ஏலக்கூடத்து அக்காக்கள் காலடிப் பக்கத்து அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். அமுங்கினால் தள்ளிவைப்பார்கள். நாட்காட்டியைவிட நான் நம்புவது அந்த விரலைத்தான்.

நண்டின் வயதை எப்படிச் சொல்வீர்கள்?

மீனுக்குச் செவிக்கல்லில் வளையம் உண்டு. நண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுகிறது. அதனால் இறங்குதளத்தில் உட்கார்ந்து ஓட்டின் அகலத்தை முள் நுனி முதல் முள் நுனி வரை காலிப்பரால் அளந்துகொண்டே இருப்போம். எந்த அளவுக் கூட்டம் மாதாமாதம் எங்கே நகர்கிறது என்று பார்த்துத்தான் வளர்ச்சியைக் கணிக்கிறோம். அலுப்பான வேலை, துணியெல்லாம் கவிச்சி.

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் வாங்கிய நண்டின் வயிற்று மடலுக்கடியில் மஞ்சளாக ஒரு பை. சினை என்று நினைத்தேன், அண்ணன் ஆண் நண்டு என்கிறார். எது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. படம் அனுப்பாததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். விவரத்தைப் பார்த்தால் சாக்குலினா என்ற ஒட்டுண்ணி போலத் தெரிகிறது. படகின் அடியில் ஒட்டும் கொட்டலசின் சொந்தக்காரன். நண்டு, இறால், கொட்டலசு எல்லாம் ஓட்டுடலிகள். ஆக, ஓட்டுடலியைப் பிடித்திருப்பதும் ஓட்டுடலியே! குஞ்சுப் பருவத்தில் நண்டுக்குள் புகுந்து, வேர்போல உடம்பெங்கும் பரவி, பிறகு தன் முட்டைப்பையை வெளியே தள்ளும். அதன்பின் நண்டால் இனம்பெருக்க முடியாது. ஓடு கழற்றுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆண் நண்டின் குறுகிய முக்கோண மடல் பெண்ணுடையதுபோல அகலும். அந்தப் பையைத் தன் சினை என்றே எண்ணிச் சுத்தம் செய்து காப்பாற்றும். என் வேலையில் இன்றும் சலிக்காத காட்சி இது. டார்வின் கொட்டலசுகளோடு 8 வருடம் கிடந்தார் என்றால் காரணம் இல்லாமலா?

வித்தியாசம் எளிது. சினை ரவையை ஒட்டவைத்ததுபோலப் பொடிப்பொடியாக இருக்கும். இது வழவழவென்று ஒரே பை.

சினை நண்டு வலையில் வந்தால் விட்டுவிட வேண்டுமா, மேடம்?

விடுங்கள். நீலக்கால் நண்டின் சினை முதலில் ஆரஞ்சு. பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுக்கும். கறுத்ததை விற்றால் இன்னும் ஓரிரு நாளில் கடலுக்குப் போகவேண்டிய லட்சக்கணக்கான குஞ்சுகளை விற்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகின் நண்டு வலை அப்போதும் கடலில் கிடக்கும். சட்டம் எட்டாத இடத்தில் உங்கள் கைதான் வேலை செய்யவேண்டும்.

எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடிக்கப்போகிறேன். நண்டை நம்பி இறங்கலாமா அக்கா?

நிரந்தர வேலை குறைவு. பெரும்பாலும் திட்டப் பணிதான், அது முடிந்தால் அடுத்ததைத் தேடவேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கு ஏ.எஸ்.ஆர்.பி. (வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு எழுதுங்கள். வளர்ப்பில் ஆர்வமென்றால் சீர்காழிப் பக்கம் தொடுவாயில் கழி நண்டு (சேற்று நண்டு) குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் புள்ளியியல் மென்பொருளுக்கு முன்னால் இனம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே இனம் என்று பலர் எழுதிவந்த கழி நண்டு 1998-இல் நான்கு இனங்களாகப் பிரிந்தது; அதில் ஒன்று, டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் 1798-இல் நம் தரங்கம்பாடியின் பெயரை வைத்த இனம். நீலக்கால் நண்டும் 2010-இல் நான்கானது. பழைய கட்டுரையில் உள்ள எண்ணிக்கை எந்த நண்டுக்கு என்று கேட்கத் தெரியாதவர் செய்யும் கணக்கு எதற்கும் உதவாது.

நான் எட்டாம் வகுப்பு. கடற்கரையில் நானே ஏதாவது ஆராய்ச்சி செய்யலாமா?

தாராளமாக, தம்பி. மணலில் ஓடி வளைக்குள் மறையும் நண்டின் வளைகளை எண்ணு. ஒரு மீட்டர் சதுரம் கயிறால் போட்டுக்கொள். வண்டியும் கூட்டமும் வரும் இடத்தில் ஒன்று, ஆளரவமில்லாத இடத்தில் ஒன்று. கடலிலிருந்து இரண்டும் ஒரே தூரம். காலையில் கூட்டம் வருமுன் போய், வளை வாயின் அகலத்தையும் அளந்து நோட்டில் எழுது. கையை மட்டும் உள்ளே விடாதே.